கேஜ் மாற்றி அளந்த ரத்தம்

1

ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் கொண்டுவந்து இறக்கிவிடுகிற ஊரைப் போய் அந்நிய தேசம் மாதிரி எழுதுகிறானே என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு வருடமாகப் பெங்களூரில், பீன்யாவில் இருக்கிறேன். ரேஷன் கார்டு இந்த மாநிலத்துடையது. பஸ் போர்டு படிப்பது கன்னடத்தில், மேனேஜரிடம் திட்டு வாங்குவதும் கன்னடத்தில். என் மகள் நிவேதா தமிழ் நன்றாகப் பேசுவாள். ஆனால் மளிகைப் பட்டியலில் 'துவரம்பருப்பு ஒரு கிலோ' என்பதைக் கன்னட எழுத்தில்தான் எழுதித் தருவாள். நான் கடை வாசலில் நின்று எழுத்துக்கூட்டி வாசித்து வாங்கி வருவேன். இது வெளிநாடு இல்லையென்றால் வேறு எதுதான் வெளிநாடு?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமையிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. காரணம் ஒரே ஒரு எண். பால் போடுகிறவரிடம் சொன்னேன், அப்பார்ட்மென்ட் செக்யூரிட்டியிடம் சொன்னேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத ஒருவரிடம்கூடச் சொல்லிவிட்டேன். அவர் 'ஓ' என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெறும் எண்ணைச் சொன்னால் யாருக்கும் புரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. அதனால் உங்களுக்கு முதலிலிருந்தே சொல்கிறேன். எண் கடைசியில்தான் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2

கலா என் மனைவி. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு சந்தில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, கடைசியில் அந்த பஸ்களிலேயே கண்டக்டராகவும் சேர்ந்தவள். நம் பக்கத்துத் தமிழை அவளிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஒரே வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி, கன்னடத்தில் திருப்பி, உருதுவில் கொண்டுபோய் நிறுத்துவாள். சாதாரண நாளில் என்னை 'ஏங்க' என்பாள். மனசு குளிர்ந்திருந்தால் மட்டும் கன்னடக்காரப் பெண்கள் புருஷனைக் கூப்பிடுகிற மாதிரி 'ரீ' என்பாள். கடந்த மூன்று வருடத்தில் அந்த 'ரீ' காதில் விழுந்தது குறைவு.

மூன்று வருடமாக அவளுக்கு மைலோமா. எலும்பு மஜ்ஜையில் உண்டாகிற ஒரு வகை ரத்தப் புற்றுநோய் அது. ஊசி, மாத்திரை, அவளுடைய ஸ்டெம் செல்லையே எடுத்துவைத்துத் திரும்ப ஏற்றுகிற சிகிச்சை எல்லாம் முடிந்து, இப்போது ஒரே ஒரு மாத்திரையில் அடங்கிக் கிடக்கிறது. அடியோடு போகவில்லை. தலையைத் தூக்கவும் இல்லை. அடங்கித்தான் இருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

தசராவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் அவளுடைய டிப்போவிலிருந்து கடிதம் வந்தது. ஓடுகிற பஸ்ஸில் நிற்க வேண்டாம், சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் பாஸ் கொடுக்கும் கவுன்டரில் உட்கார்ந்த வேலை தருகிறோம். ஆனால் சிகிச்சை தரும் டாக்டரிடமிருந்து உடல் தகுதிச் சான்றிதழ் வாங்கி, தசரா முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். கூடவே ஒரு படிவம். அதில் 'நோய் குணமாகிவிட்டது', 'குணமாகவில்லை' என்று இரண்டே கட்டங்கள். அடங்கியிருக்கிறது என்று டிக் அடிக்க இடமே இல்லை. சர்க்காருக்கு நடுவில் ஒன்று இருக்கலாம் என்பதே தெரியாது போலிருக்கிறது.

கலா கட்டங்களைப் பற்றிக் கவலைப்படவில்லை. "ஸ்கூல் புள்ளையா இருந்தப்பல இருந்து அந்தக் கவுன்டர் முன்னால கியூவுல நின்னிருக்கேன். கண்ணாடிக்கு அந்தாண்ட உக்காந்தா பஸ் ஸ்டாண்டு இன்னா மாதிரி தெரியும்னு பாக்கணுங்க," என்றாள். காக்கி யூனிபார்மை எடுத்து இஸ்திரி போட்டாள். மறுநாளும் போட்டாள். துணி தாங்காது என்று நிவேதா சொன்ன பிறகுதான் ஹாங்கரில் மாட்டினாள்.

ஆகவே அந்த மூன்று மாத ரத்தப் பரிசோதனையில்தான் எல்லாம் இருந்தது. எண் பழையபடி இருந்தால் கவுன்டர். ஏறியிருந்தால் மறுபடியும் ஊசி, மறுபடியும் ஆஸ்பத்திரிக் கட்டில்.

3

மூன்று வருடத்துக்கு முந்தைய கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்போது அவளுக்கு ஓயாத முதுகுவலி, மாடி ஏறினால் மூச்சு வாங்கும். நாள் முழுக்க பஸ்ஸில் நின்றால் வலிக்காமல் என்ன செய்யும் என்றார்கள். ஹீமோகுளோபின் எட்டில் இருந்தது. பெண்களுக்கு இது சகஜம் என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அப்புறம் கிட்னி அளவு கிரியேட்டினின் கொஞ்சம் கூடியிருப்பதைப் பார்த்த ஒரு டாக்டர் சந்தேகப்பட்டு, ரத்தத்தில் இருக்கிற புரதங்களை வரிசையாகப் பிரித்துக் காட்டுகிற எலெக்ட்ரோபோரெசிஸ் என்ற சோதனைக்கு எழுதினார். மைலோமா இருந்தால் பெரும்பாலும் அந்தப் படத்தில் ஒரு இடத்தில் ஊசி மாதிரி கூர்மையாக எழும்பி நிற்குமாம். கலாவின் படத்தில் ஒன்றுமே எழும்பவில்லை. சுத்தமாக இருந்தது. நாங்கள் சந்தோஷமாக லால்பாக் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம்.

வலி போகவில்லை. ஓசூர் ரோடு பக்கத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே டாக்டர் ஷைலஜா அந்தச் சுத்தமான படத்தைப் பார்த்துவிட்டு, "இது ஸ்வல்ப ஜாஸ்தியே சுத்தமா இருக்கு," என்றார். இருக்க வேண்டிய நல்ல எதிர்ப்புப் புரதங்கள்கூடக் குறைந்திருந்தனவாம். உடனே 'ஃப்ரீ லைட் செயின்' என்று இன்னொரு ரத்தச் சோதனை எழுதினார்.

அவர் விளக்கியது இதுதான். நம் உடம்பில் நோயை எதிர்க்கிற ஒவ்வொரு புரதமும் கனமான சங்கிலி இரண்டு, லேசான சங்கிலி இரண்டு சேர்ந்து உண்டாவது. லேசான சங்கிலியில் கேப்பா, லாம்டா என்று இரண்டு ஜாதி. சில பேருக்கு வருகிற மைலோமா முழுப் புரதத்தைச் செய்யாமல் லேசான சங்கிலியை மட்டும் கணக்கில்லாமல் செய்து ரத்தத்தில் கொட்டும். அந்தப் பொடிசு எலெக்ட்ரோபோரெசிஸ் படத்தில் சிக்காமல் போய்விடலாம். இந்தச் சோதனையில்தான் மாட்டும்.

நான் ஒரு வால்வு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். எனக்கு இது டக்கென்று பிடிபட்டது. ஒரு துளை சரியாக இருக்கிறதா என்று பார்க்க பிளக் கேஜ் என்ற அளவு உருளையை உள்ளே விட்டுப் பார்ப்போம். துளை கொஞ்சம் முட்டை வடிவமாக இருந்தாலும் உருளை உள்ளே போய்விடும், பாஸ் ஆகிவிடும். முட்டையைக் கண்டுபிடிக்க வேறு கேஜ் வேண்டும். "கேஜ் தப்பு மேடம், அதான் பாஸ் ஆயிருக்கு, பீஸும் தப்புதான்!" என்று நான் கத்தினேன். டாக்டர் கலாவைப் பார்த்தார். "அவரு அப்படித்தான் மேடம், ஃபேக்டரி," என்றாள் கலா.

லாம்டா ஆயிரத்து அறுநூறுக்கு மேல் வந்தது. அன்றைக்கு ஆயுத பூஜை. பீன்யாவில் தெருவுக்குத் தெரு வாழைக்கன்று கட்டி, லாரிகளுக்கெல்லாம் மாலை போட்டிருந்தார்கள். நான் பொரிப் பொட்டலத்தோடு ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன். அதைப் பற்றி அவ்வளவுதான் சொல்வேன்.

4

சிகிச்சையில் லாம்டா மளமளவென்று இறங்கியது. அப்புறம் நாற்பத்தெட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. நார்மலுக்குக் கொஞ்சம் மேல். டாக்டர், "இறங்காட்டி பரவாயில்ல, ஏறக் கூடாது," என்றார். இறங்காத எண்ணை நினைத்து நாங்கள் வருத்தப்படவில்லை. ஃபேக்டரியிலும் அதே கதைதான். பூஜ்யம் யாருக்கு வேண்டும், எல்லைக்குள் ஆடாமல் நின்றால் போதும்.

பீரோ கதவின் உள்பக்கத்தில் ஒரு கிராஃப் தாள் ஒட்டினேன். மேலே ஒரு சிவப்புக் கோடு, கீழே ஒரு சிவப்புக் கோடு, மூன்று மாதத்துக்கு ஒரு புள்ளி. நாற்பத்தாறு, நாற்பத்தெட்டு, நாற்பத்தேழு, ஐம்பது, நாற்பத்தெட்டு. ஃபேக்டரியில் இப்படி ஒரு சார்ட் இருந்தால் மிட்டாய் கொடுப்பார்கள். தலைப்பில் நிவேதா 'அம்மா' என்று கன்னட எழுத்தில் எழுதி ஒரு பூ வரைந்தாள். புடவை எடுக்கும்போதெல்லாம் கலா அதைப் பார்த்து, "என்னையும் வால்வு ஆக்கிட்டாரு," என்பாள்.

இந்த முறை சோதனைக்கு நாள் வந்தபோது தசரா குறுக்கே வந்தது. பண்டிகை வாரத்தில் அவசரச் சோதனைகள் மட்டும்தான் எடுப்போம், லாம்டாவெல்லாம் லீவு முடிந்த பிறகுதான் என்று ஆஸ்பத்திரி லேபில் சொல்லிவிட்டார்கள். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் திங்கட்கிழமை. டிப்போ கெடு செவ்வாய்க்கிழமை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நிவேதா போனை எடுத்தாள். பி.யூ. இரண்டாம் வருடம், அதாவது நம் ஊர் பிளஸ் டூ படிக்கிறவள், எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு ஆப் இருக்கிறது. "பா, வீட்டுக்கே வந்து பிளட் எடுத்துட்டுப் போவாங்க. சேம் டெஸ்ட். ரெண்டு நாள்ல ரிப்போர்ட். அம்மா ஊர் சுத்தி ரெண்டு பஸ் மாறிப் போக வேணாம்."

பெரிய லேப். நல்ல பெயர். அதே சோதனை. 'போடும்மா' என்று நான்தான் சொன்னேன். இருபத்திரண்டு வருடமாகக் கேஜ் பிடித்துச் சோறு தின்கிறவன், யோசிக்காமல் சொன்னேன். இது எவ்வளவு பெரிய கூத்து என்பது பின்னால் தெரியும்.

5

ஆயுத பூஜை அன்று எங்கள் கேஜ் ரூமைப் பார்க்க வேண்டும் நீங்கள். மைக்ரோமீட்டர், வெர்னியர், டயல் கேஜ் எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் தடவி, வெள்ளைத் துணி விரித்த மேஜையில் அடுக்கி, ஒவ்வொன்றின் மரப்பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். அன்றைக்கு யாரும் எதையும் அளக்கக் கூடாது. கருவிக்கு அது ஓய்வு நாள். மேனேஜரே வந்து அவசரம் என்றாலும் தர மாட்டேன். அவ்வளவு கறார்.

பூசணிக்காய் உடைத்து, ஆளுக்கொரு பொட்டலம் கடலைப்புரி, அதாவது பொரி, வாங்கிக்கொண்டு நிற்கும்போது போனில் ரிப்போர்ட் வந்தது. அளக்கக் கூடாத நாளில் அளவு வந்திருக்கிறதே என்று ஒரு கணம் உறுத்தியது. திறந்தேன்.

லாம்டா, தொண்ணூற்றேழு.

இரட்டிப்பு. என் சார்ட்டில் அந்தப் புள்ளியை வைக்கவே இடம் கிடையாது. தாளைத் தாண்டி பீரோவின் இரும்பில்தான் வைக்க வேண்டும்.

வீட்டுக்குப் போனால் நிவேதா கண்ணைத் துடைத்துக்கொண்டு பாத்ரூமிலிருந்து வருகிறாள். ஆப் அவளுடையது, அவளுக்குத்தான் முதலில் வந்திருக்கிறது. இரண்டு பேரும் கண்ணாலேயே பேசி, டாக்டரைப் பார்க்கிற வரைக்கும் அம்மாவிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். அந்த முடிவுக்கு ஆயுள் பத்து நிமிஷம். கலா சாமி படத்துக்கு முன்னால் அவளுடைய விசில், தோள்பை, பழைய டிக்கெட் பெட்டி, கூடவே ஆஸ்பத்திரி ஃபைல் எல்லாவற்றையும் வைத்துக் குங்குமம் இட்டுக்கொண்டிருந்தாள். எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"டிக்கெட் வாங்காம ஏறுனவன் மூஞ்சி எனக்குத் தெரியாதா? ரெண்டு பேரும் அதே மூஞ்சிய வச்சினு நிக்கிறீங்க. எடு போனை."

படித்தாள். அவளுக்கும் அந்த ரிப்போர்ட் மனப்பாடம், எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று தெரியும்.  அப்புறம் எழுந்து போய், ஹாங்கரில் இருந்த காக்கிச் சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.  அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் விஜயதசமி. மூன்று பேரும் வீட்டிலேயே இருந்தோம். ஊரிலிருந்து அண்ணன் போன் செய்து, பேசாமல் இங்கே வந்துவிடுங்களேன் என்றார். வந்து? லாம்டா ரயில் ஏறாதா? கோபமாகப் பேசி வைத்துவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்.

6

வெள்ளிக்கிழமை ஃபேக்டரி திறந்தது. பூஜையில் இருந்த கருவிகளைத் திரும்ப எடுக்கும்போது எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. புது வேலையைத் தொடுவதற்கு முன்னால், போன மாதம் அளந்து எடுத்துவைத்த ஒரு பழைய பீஸை மறுபடி அளந்து பார்ப்போம். பழைய அளவே வந்தால் கருவி ஒழுங்காக இருக்கிறது, நல்ல நேரத்தில் ஆரம்பிக்கலாம் என்று அர்த்தம்.

என்னோடு வேலை பார்க்கிற மஞ்சுளா, மண்டியா பக்கத்துக்காரி, என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அவர்தான் அளந்தார். அளந்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"ஸார், எட்டு மைக்ரான் ஜாஸ்தி பந்திதே."

எட்டு மைக்ரான் கூடுதல். இரும்பு சும்மா இருக்கும்போது வளருமா? எழுந்து போய்ப் பார்த்தேன். அவர் கையில் இருந்தது பக்கத்து லைனிலிருந்து வந்த புது டிஜிட்டல் கேஜ். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. இரண்டு நாள் துக்கமெல்லாம் சேர்ந்து அந்த அம்மாள் தலையில் இறங்கியது.

"ஹோத ஸல யாவ கேஜ்?" போன தடவை எந்த கேஜ் என்று கன்னடத்தில் ஆரம்பித்தவன் பாதியில் தமிழுக்குத் தாவிவிட்டேன். "பழைய அளவு ஒரு கேஜுல, புது அளவு ஒரு கேஜுல எடுத்துட்டு பீஸ் வளர்ந்துடுச்சுன்னு சொல்வீங்களா? எத்தனை வருஷமா சொல்றேன், கேஜை மாத்தினா..."

அங்கே நின்றுவிட்டேன்.

வாய் திறந்தபடியே நின்றிருக்கிறேன். மஞ்சுளா பயந்துபோய் நாற்காலியை இழுத்துப் போட்டாராம். நான் போனை எடுத்து அந்த ரிப்போர்ட்டைத் திறந்து, நான் ஒருபோதும் படிக்காத அடிப்பகுதிக்குப் போனேன். பொடி எழுத்தில் பரிசோதனை முறை என்று ஒரு வரி. ஆஸ்பத்திரியின் பழைய ரிப்போர்ட்டும் போனில் இருந்தது. அதிலும் அதே இடத்தில் ஒரு வரி. இரண்டும் வேறு வேறு! வேறு முறை, வேறு கம்பெனி மெஷின். நார்மல் என்று போட்டிருந்த எல்லைகூட இரண்டிலும் வேறு.

நான் மஞ்சுளாவின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினேன். "நீங்க தெய்வம் மேடம்!" என்றேன். எதற்குத் திட்டினான், எதற்குக் கும்பிடுகிறான் என்று அந்த அம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. லீவ் லெட்டர்கூட எழுதாமல் ஓடினேன்.

7

கலாவை இழுத்துக்கொண்டு மெட்ரோ ஏறி, பஸ் ஏறி, ஓசூர் ரோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அதே பஸ் நேராக மாநில எல்லையில் இருக்கிற அத்திபெலே போகிறது, அங்கே இறங்கினால் கடைக்குக் கடை தமிழ். எனக்கு ஆஸ்பத்திரி கவுன்டரிலேயே கன்னடம் கைவிட்டுவிட்டது. பதற்றம் வந்தால் எனக்கு அப்படித்தான், இருபத்திரண்டு வருடப் படிப்பும் காணாமல் போய்விடும்.

கவுன்டரில் இன்னொரு தலைவலி. ஆதாரில் கலாவின் முழுப்பெயர் கலைச்செல்வி முருகேசன், டிப்போ அட்டையில் எம். கலைச்செல்வி, ஆஸ்பத்திரிக் கணினியில் கலைச்செல்வி எம். மூன்றும் ஒரே ஆள் என்பதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டார்கள். இனிஷியல் என்பது அப்பா பெயர் என்று நான் தமிழில் விளக்க, சர்நேம் எங்கே என்று அவர்கள் கன்னடத்தில் கேட்க, கலா குறுக்கே புகுந்து கண்டக்டர் குரலில் நாலு வார்த்தை சொன்னாள். வேலை முடிந்தது.

ரத்தம் கொடுத்துவிட்டு, லேப் பொறுப்பாளரைப் பார்த்தே தீருவேன் என்று கதவருகே நின்றேன். ரூபா என்று ஒரு அம்மாள் வந்தார். நான் இரண்டு ரிப்போர்ட்டையும் நீட்டி, கன்னடத்தைக் கொலை செய்ய ஆரம்பித்தேன்.

"தமிழ்லயே பேசுங்க சார், நான் கோலார் தங்கவயல்தான்," என்று சிரித்தார்.

அந்த ஒரு வாக்கியத்தில் எனக்குப் பாதி உயிர் வந்தது. கொட்டித் தீர்த்துவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க நினைக்கிறது சரிதான். லாம்டாவைப் பிடிக்கிறதுக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமா டெஸ்ட் மருந்து செய்யுது. ஒண்ணு பிடிக்கிற மாதிரி இன்னொண்ணு பிடிக்காது. அவங்க ரிப்போர்ட் தப்பில்ல, எங்களுதும் தப்பில்ல. ஆனா இதையும் அதையும் பக்கத்துல வச்சுப் பாக்கக் கூடாது. ஆரம்பத்துல எங்க எடுத்தீங்களோ, கடைசி வரைக்கும் அங்கதான் எடுக்கணும்."

"அப்ப ஏறலையா மேடம்?" என்றாள் கலா.

"அது எனக்குத் தெரியாதும்மா. நிஜமாவே ஏறியிருக்கவும் வாய்ப்பிருக்கு. எங்க மெஷின்ல ஓட்டினாத்தான் சொல்ல முடியும். நாளைக்கு ஓட்டுவோம்."

கலா தலையை ஆட்டினாள். எனக்கு அதுவும் போதவில்லை. பழைய பீஸ் ஞாபகம் விடவில்லை.

"மேடம், போன தடவை எடுத்த ரத்தம் மிச்சம் ஏதாவது இருக்குமா? அதையும் இதையும் ஒண்ணா, ஒரே நேரத்துல ஓட்ட முடியுமா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எங்க வேலை செய்றீங்க?"

"பீன்யால. குவாலிட்டி."

"அதான பாத்தேன்." அப்புறம் சொன்னார். மைலோமாக்காரர்களின் சீரம் கொஞ்சம் எடுத்து உறைய வைத்திருப்பார்களாம். சந்தேகம் வந்தால் இப்படித்தான் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்ப்பார்களாம். "நீங்க கேக்கலைன்னாலும் நான் செஞ்சிருப்பேன்," என்றார். பிறகு, "ஆனா இதுவரைக்கும் யாரும் வந்து கேட்டதில்ல," என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கலா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். "எவ்ளோ பெரிய அறிவாளி நீங்க. ஊருக்கெல்லாம் கேஜை மாத்தாதேன்னு சொல்லிட்டு, பொண்டாட்டி ரத்தத்துக்கு மட்டும் மாத்திட்டீங்க," என்றாள். திட்டுதான். ஆனால் ஆயுத பூஜைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் நீளமான வாக்கியம் அது. நான் ஆனந்தமாக வாங்கிக்கொண்டேன்.

8

சனிக்கிழமை மூன்று பேரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நிவேதா ஆயிரம் தடவை சாரி சொல்லிவிட்டாள். "நீ இன்னாடி பண்ணுவே, உங்க அப்பாதான் குவாலிட்டி," என்றாள் கலா.

மூன்றரை மணிக்கு ரூபா மேடமே கூப்பிட்டார். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"பழைய சாம்பிள் நாப்பத்தேழு வந்திருக்கு சார். போன தடவை ரிப்போர்ட்டுல நாப்பத்தெட்டு. மெஷின் சரியா இருக்கு."

"புதுசு மேடம்?"

"நாப்பத்தொம்பது."

நாற்பத்தொன்பது! இதுதான் அந்த எண். இப்போது புரிகிறதா நான் ஏன் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் சொன்னேன் என்று? நான் சோபாவில் ஏறி நின்று கத்தினேன். கீழ்வீட்டுக்காரர் கிரிக்கெட்டா என்று கேட்டு மேலே வந்துவிட்டார். நிவேதா தமிழும் கன்னடமும் இங்கிலீஷும் கலந்து ஏதோ சொல்லி அழுதாள், ஒரு வார்த்தையும் விளங்கவில்லை, எல்லாம் விளங்கியது. கலா மட்டும் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் இஸ்திரிப் பெட்டி சூடாகிற வாசனை வந்தது.

சார்ட்டில் நாற்பத்தொன்பதுக்கு நீல மையில் புள்ளி வைத்தேன். தொண்ணூற்றேழையும் விடவில்லை. தாளுக்கு வெளியே, பீரோவின் இரும்பிலேயே மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, 'வேறு கேஜ், என் தப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தேய்த்தாலும் போகாது, போகவும் வேண்டாம்.

திங்கட்கிழமை டாக்டர் ஷைலஜா எல்லாவற்றையும் பார்த்தார். கால்சியம் சரி, கிரியேட்டினின் பழையபடி, ஹீமோகுளோபின் பதினொன்றரை. படிவத்தில் இரண்டு கட்டத்தையும் விட்டுவிட்டு, ஓரத்தில் பேனாவால் 'கட்டுப்பாட்டில் உள்ளது, உட்கார்ந்த வேலைக்குத் தகுதி உண்டு' என்று இங்கிலீஷில் எழுதி முத்திரை குத்தினார். ஃபைல் மேல் இருந்த குங்குமத்தைப் பார்த்து, "இதுக்கும் பூஜையா?" என்றார். "ஆயுதம்தானே மேடம்," என்றாள் கலா. செவ்வாய்க்கிழமை டிப்போவில், கட்டங்களை விட்டு ஓரத்தில் ஏன் எழுதியிருக்கிறது என்று கிளார்க் ஒரு மணி நேரம் யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

9

நேற்று கலாவுக்கு முதல் நாள். நான் ஃபேக்டரியில் பெர்மிஷன் போட்டுவிட்டு சிவாஜிநகர் போனேன். மார்க்கெட் கூட்டம், மீன் வாசனை, பஸ் ஹாரன், அதற்கு நடுவில் பாஸ் கவுன்டர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காக்கிச் சட்டையில் என் மனைவி. எனக்கு பாஸ் தேவையே இல்லை, மெட்ரோவில் போகிறவன். ஆனாலும் கியூவில் நின்றேன். முன்னால் பதினோரு பேர். ஒவ்வொருவரையும் பார்த்து, எழுதி, முத்திரை குத்தி, கம்பீரமாக அனுப்பிக்கொண்டிருந்தாள்.

என் முறை வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"பேரு சொல்லுங்க சார்."

சொன்னேன்.

"இனிஷியலோட சொல்லுங்க. பின்னாடி ஜனம் நிக்கிது."

இனிஷியலோடு சொன்னேன். ஐடி கார்டைக் கேட்டாள், கொடுத்தேன், போட்டோவையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்துச் சரிபார்த்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது.

"ஒரு வருஷத்துக்குச் சேத்துப் போட முடியுமா மேடம்?" என்று கேட்டேன்.

டப்பென்று முத்திரை குத்தி, பாஸைக் கண்ணாடிக்குக் கீழே நீட்டினாள்.

"அதெல்லாம் ஆகாது. மாசா மாசம் வாங்க ரீ. நான் இங்கதான் இருப்பேன்."